தாமரைக் கோபுரம்: யார் காசு? யார் குரல்?

2022-ல் இலங்கை மக்கள் நின்ற வரிசைகளுக்குக் கணக்கில்லை. பெட்ரோலுக்கு, சமையல் கேஸுக்கு, மண்ணெண்ணெய்க்கு, பால்மாவுக்கு. ஊரைவிட்டே போய்விடலாம் என்று பாஸ்போர்ட் அலுவலக வாசலில். பெட்ரோல் வரிசையிலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனவர்கள் உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, கொழும்பு டி.ஆர்.விஜேவர்தன மாவத்தையில் இன்னொரு வரிசை நின்றது. இந்த வரிசையில் யார் கையிலும் காலி கேன் இல்லை. இடுப்பில் பிள்ளை, தோளில் தண்ணீர் பாட்டில், கையில் செல்போன். 500 ரூபாய் டிக்கெட் எடுத்து லிஃப்ட் ஏறி, தங்கள் நகரம் மேலிருந்து எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்து அப்போது ஐந்து மாதம். அதிபர் கோத்தபய ராஜபக்சே நாட்டைவிட்டு ஓடி இரண்டு மாதம். வண்டிக்கு வாரம் எத்தனை லிட்டர் பெட்ரோல் என்பதை க்யூ.ஆர். கோடு தீர்மானித்துக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில், சீனக் கடனில் எழுந்த சுமார் 350 மீட்டர் உயரக் கோபுரத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது.

மேலே போனவர்களுக்கு முழு கொழும்பும் தெரிந்தது. காலடியில் பேர வாவி. ஒரு பக்கம் மருதானையின் தண்டவாளப் பின்னல், அதை ஒட்டிப் புறக்கோட்டைச் சந்தையின் துருப்பிடித்த தகரக் கூரைகள். அதற்கப்பால் துறைமுகத்தின் கிரேன்கள். காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலுக்குள் மண்ணைக் கொட்டி உருவாக்கிய போர்ட் சிட்டியின் வெற்று நிலம். கோத்தபயவை விரட்டிய கூட்டம் மாதக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடந்த திடலும், விரட்டப்பட்டவர்களின் ஆட்சியில் சீன முதலீட்டில் தொடங்கிய நிலமும் ஒரே பார்வைக்குள் அடங்கின. இலங்கையின் பத்தாண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்த உச்சித் தளத்தைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால், இந்தக் கோபுரம் வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. டி.வி., வானொலி, தொலைத்தொடர்பு அலைகளை அனுப்பத்தான் கடன் வாங்கினார்கள். அந்த வேலைக்காக அது நிமிர்ந்த கதையைவிட, அந்த வேலையைச் செய்யாமல் நிற்கும் கதைதான் பெரியது.

பேலியகொடையிலிருந்து பேர வாவிக்கு

உள்நாட்டுப் போர் 2009-ல் முடிந்ததை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்த ராஜபக்சே அரசு ஒன்றன்பின் ஒன்றாகப் பெருந்திட்டங்களில் இறங்கியது. அம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தளை விமான நிலையம், கொழும்பில் 'தாமரைத் தடாகம்' கலையரங்கம். அந்த வரிசையில் வந்ததுதான் தாமரைக் கோபுரம். முதலில் கொழும்புக்கு வெளியே பேலியகொடையில் கட்டுவதாக இருந்தது. பிறகு நகரின் நடுவே, பேர வாவிக் கரைக்கு மாற்றினார்கள். ஒலிபரப்புக்கு மட்டும் என்றால் பேலியகொடையே போதும். நகரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கண்ணில் பட வேண்டும் என்றால்தான் பேர வாவி வேண்டும். இடம் மாறியபோதே திட்டத்தின் குணமும் மாறிவிட்டது என்பது என் எண்ணம்.

2012 ஜனவரியில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் சீன நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டன. அதே மாதம் அடிக்கல். கட்டுமான ஆலோசனையை மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கவனித்தது. 2015-ல் ஆட்சி மாறியது, வேலை இழுத்தது. அந்த இழுபறியின் நடுவே, 2017-ல், வடக்கிலிருந்து கூலிவேலைக்கு வந்திருந்த தமிழ் இளைஞர் ஒருவர் மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்தார். கோபுரத்தைப் பற்றிய வண்ணப் பிரசுரங்களில் இடம்பிடிக்காத செய்தி இது. இங்கேயாவது இருக்கட்டும்.

2019 செப்டம்பர் 16-ம் தேதி அதிபர் மைத்திரிபால சிறிசேன கோபுரத்தைத் திறந்துவைத்தார். திறந்த மேடையிலேயே குண்டையும் போட்டார். 2012-ல் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்த 200 கோடி ரூபாய் முன்பணம் என்ன ஆனது என்றே தெரியவில்லை, அந்த நிறுவனத்தையும் காணவில்லை என்றார். முந்தைய ஆட்சித் தரப்பு மறுத்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அதிபர் தேர்தல். குற்றச்சாட்டு தேர்தல் இரைச்சலில் கரைந்தது. ரிப்பன் வெட்டிய பிறகும் மக்கள் உள்ளே போக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

[பெட்டிச் செய்தி] கோபுரத்தின் ஜாதகம்

உயரம்: சுமார் 350 மீட்டர். தாங்குகம்பிகள் இல்லாமல் தானே நிற்கும் கோபுரங்களில் தெற்காசியாவிலேயே உயரமானது.
செலவு: 10 கோடியே 43 லட்சம் அமெரிக்க டாலர். பெரும்பகுதி சீன எக்ஸிம் வங்கிக் கடன்.
உரிமை: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நிர்வாகத்துக்குத் தனியாக ஓர் அரசு நிறுவனம்.
திட்டத்தில் சொன்னது: 50 டி.வி. சேனல், 35 எஃப்.எம். நிலையம், 20 தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடம்.
2022-ல் கட்டணம்: உள்நாட்டவருக்கு 500 மற்றும் 2,000 ரூபாய். வெளிநாட்டவருக்கு 20 டாலர்.

தண்டு, கூடை, கம்பம்

உலகின் பெரிய கான்கிரீட் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். மூதாதை, ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் 1956-ல் திறந்த கோபுரம். அதுவரை டி.வி. ஒளிபரப்புக்கு இரும்புக் கம்பம்தான் வழக்கம். ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட் என்ற பொறியாளர், உள்ளே குடைவான கான்கிரீட் தண்டு, அதன் உச்சியில் மனிதர்கள் நிற்கக்கூடிய கூடை, அதற்குமேல் அலைபரப்பும் கம்பம் என்று ஒரு வடிவத்தைக் கொடுத்தார். தண்டு மேலே போகப்போகக் குறுகும். காற்றின் விசை முழுவதும் அடிவாரத்தில் இறங்குவதால் அங்கே அகலம் வேண்டும். உச்சியில் கனம் குறைய வேண்டும். கூடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு காற்றைத் தடுக்கும், அவ்வளவு ஆட்டத்தையும் தண்டு தாங்கியாக வேண்டும். இந்தப் பேரத்தில்தான் கோபுரத்தின் அழகும் செலவும் முடிவாகின்றன.

கூடைக்கு என்ன வேடம் போடுவது என்பதில்தான் ஒவ்வொரு நாடும் தன்னைக் காட்டிக்கொண்டது. கிழக்கு பெர்லினில் எஃகுத் தகடு போர்த்திய உருண்டை. கோலாலம்பூரில் இஸ்லாமியக் கலை வேலைப்பாடு. மாஸ்கோவின் ஒஸ்தான்கினோவில் பொறியாளர் நிகித்தின் மனதில் இருந்தது கவிழ்த்துவைத்த அல்லிப் பூ. கொழும்பில், விரியக் காத்திருக்கும் தாமரை மொட்டு. அடிவாரக் கட்டடம் தாமரைப் பீடம். அதிலிருந்து எழும் தண்டு. மேலே இதழ்கள் குவிந்த மொட்டு, இளஞ்சிவப்பு மெல்ல மஞ்சளாக மாறும் நிறத்தில். பௌத்த நாட்டில் தாமரைக்கு விளக்கம் தேவையில்லை. ராத்திரியில் விளக்குகள் நிறம் மாற மாற, ரயிலில் மருதானையைக் கடப்பவர்கள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை. அழகான கோபுரம்தான். அதை மறுப்பவர்களைக் கொழும்பில் தேட வேண்டும்.

மொட்டுக்கு இன்னொரு அர்த்தமும் வந்து ஒட்டிக்கொண்டது. 2016-ல் ராஜபக்சே தரப்பு தொடங்கிய பொதுஜன பெரமுனவின் சின்னம் தாமரை மொட்டு. வடிவம் முந்தி வந்தது, கட்சி பிறகுதான் வந்தது. ஆனாலும் நகரின் நடுவில், இரவு முழுக்க ஒளிரும் ஒரு மொட்டைப் பார்க்கும் வாக்காளருக்கு அந்தக் கால வரிசை ஞாபகத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அலை எவ்வளவு தூரம் போகும்?

டி.வி.யும் எஃப்.எம்.மும் பயன்படுத்தும் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகின்றன. பூமி வளைவதால் ஓர் எல்லைக்கு அப்பால் அவை நிலத்தைத் தொடாமல் மேலே போய்விடும். அதனால்தான் உயரம் தேவை. 350 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலை, சமதளத்தில் சுமார் 80 முதல் 90 கிலோமீட்டர் வரை நன்றாகக் கிடைக்கும். கொழும்பையும் சுற்றியுள்ள மேல் மாகாணத்தையும் அணைத்துக்கொள்ள இது தாராளம். ஆனால் காலிக்கு எட்டாது. கண்டிக்குப் போகும் வழியில் மலைகள் மறிக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பற்றிப் பேச்சே இல்லை. எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும், ஒற்றைக் கோபுரத்தால் இலங்கை முழுவதற்கும் ஒளிபரப்ப முடியாது. நாடெங்கும் துணை நிலையங்கள் வேண்டும்.

இதை இலங்கை அறியாமல் இல்லை. 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு அரசு டி.வி.யான ரூபவாஹினி தொடங்கியபோது, ஒளிபரப்புக் கம்பத்தை நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை மலை உச்சியில் நட்டார்கள். 2,524 மீட்டரை இயற்கை இலவசமாகக் கொடுத்தது. அந்தக் கம்பத்துக்கு வேடமும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் அதன் அலை கடல் தாண்டியது. தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் 80-களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூர்தர்ஷன் ஒழுங்காகக் கிடைக்காத ஊர்களில், மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி, தென்கிழக்கே திருப்பி, கடல்மேல் காற்று ஒத்துழைக்கும் இரவுகளில் ரூபவாஹினி பார்த்தார்கள். ஒருவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "தெரியுது, தெரியுது, அப்படியே விடு" என்று கத்திய வீடுகள் எத்தனையோ.

அதற்கும் முன்னால் இலங்கை வானொலி. ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்திய காலத்தில், கொழும்பின் தமிழ் ஒலிபரப்புதான் தமிழ்நாட்டு டீக்கடைகளின் நாதம். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களுக்கு இங்கே இருந்த மவுசு, பல நடிகர்களுக்கே பொறாமை தரும். அந்தக் குரல்களைச் சுமந்த ஒலிபரப்பிகள் எப்படி இருந்தன என்று கேட்ட நேயர் யாருமில்லை. ஒலிபரப்பில் இப்படி ஒரு மரபு கொண்ட நாடு, தன் ஆக உயரமான ஒலிபரப்புக் கோபுரத்தை எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்? யார் ஒலிபரப்புவார்கள், எந்த முறையில், என்ன வாடகைக்கு என்பதிலிருந்து.

நடந்தது வேறு. கோபுரத்துக்கு சீனாவோடு ஒப்பந்தம் போட்ட அதே அரசு, 2014-ல் டிஜிட்டல் டி.வி.க்கு ஜப்பானிய முறையைத் தேர்ந்தெடுத்தது. அந்த மாற்றத்துக்கு ஜப்பானிடம் தனியாகக் கடன் ஒப்பந்தமும் போட்டது. கோபுரம் ஒருவர் கடன், அதிலிருந்து போக வேண்டிய ஒளிபரப்பு இன்னொருவர் கடன். ஆட்சிகள் மாறின, டிஜிட்டல் மாற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தனியார் சேனல்களிடம் ஏற்கெனவே சொந்தக் கம்பங்களும் மலையுச்சி நிலையங்களும் இருந்தன. ஓடுகிற ஏற்பாட்டை விட்டுவிட்டு வாடகை கொடுத்து இங்கே வர அவர்களுக்கு அவசரம் இல்லை. 50 சேனல், 35 எஃப்.எம். என்ற கணக்கு பிரசுரத்திலேயே தங்கிவிட்டது.

500 ரூபாய் கணக்கு

இனி வருமானம். அலைக்கு வாடகை வரவில்லை என்றால் ஆளுக்கு டிக்கெட் விற்க வேண்டும். அதைத்தான் செய்கிறார்கள். சுழலும் உணவகம், இசை நிகழ்ச்சிகள், புத்தாண்டு வாணவேடிக்கை, துணிந்தவர்களுக்கு பஞ்சி ஜம்ப். கூட்டத்துக்குக் குறைவில்லை. பாடசாலைப் பிள்ளைகள் வேன் வேனாக வருகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தம் போட்ட 2012 ஜனவரியில் ஒரு டாலர் சுமார் 114 இலங்கை ரூபாய். கோபுரத்தின் மொத்தச் செலவு அன்றைய விலையில் ஏறத்தாழ 1,190 கோடி ரூபாய். மக்களுக்குத் திறந்த 2022 செப்டம்பரில் டாலர் 360 ரூபாயைத் தொட்டிருந்தது. அதே தொகை அன்றைக்கு 3,750 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. ரூபாய் விழுந்ததிலேயே கோபுரம் மூன்று மடங்கு விலையேறிவிட்டது. இந்தத் தொகையை 500 ரூபாய் டிக்கெட்டில் மட்டும் எடுக்க வேண்டுமென்றால் ஏழரைக் கோடி டிக்கெட் விற்க வேண்டும். இலங்கையின் மக்கள்தொகை சுமார் 2.2 கோடி. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவரும் மூன்று தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். வட்டி, மின்சாரம், சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு எதுவும் இதில் சேரவில்லை.

டாலரில் கடன், ரூபாயில் வருமானம். இலங்கையைக் கவிழ்த்ததில் இந்தப் பொருத்தமின்மைக்குப் பெரிய பங்கு உண்டு. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தைக் குத்தகைக்குக் கேட்க ஆள் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கோபுரத்தை யார் கேட்பார்கள்? அதன் கடன், வீட்டுக்கு வீடு மின்கட்டணத்திலும் வரியிலும் ஏறிய சுமையோடு சேர்ந்து மக்கள் தலையில்தான் இறங்குகிறது. அந்த 500 ரூபாய் வரிசையில் நின்றவர்கள், ஏற்கெனவே ஒருமுறை பணம் கட்டிவிட்டவர்கள்.

[பெட்டிச் செய்தி] ஸ்டட்கார்ட் செய்த கணக்கு

ஸ்டட்கார்ட்டிலும் இதே கேள்வி எழுந்தது. சாதாரண இரும்புக் கம்பம் போதுமே, எதற்கு இத்தனை செலவில் கான்கிரீட் கோபுரம் என்று கேட்டார்கள். செலவு 42 லட்சம் மார்க். அந்தப் பணத்தைப் பார்வையாளர் கட்டணமே ஐந்தாண்டுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டது. கட்டியது அந்த ஊர் ஒலிபரப்பு நிறுவனமே. செலவும் மார்க், வரவும் மார்க். திறந்த காலத்திலிருந்தே அலைபரப்பு வேலையும் நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அதற்கு மேலதிக வரவு.

டெல்லியின் கண்ணில்

இந்தக் கோபுரத்தை டெல்லி வேறு கண்ணால் பார்த்தது. சீன நிறுவனங்கள் கொழும்பின் நடுவில் இவ்வளவு உயரத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம் கட்டினால், ஒட்டுக்கேட்க மாட்டார்களா என்று இந்திய ஊடகங்கள் தொடர்ந்து எழுதின. ஒப்பந்தத்தில் இருந்த சீன அரசு நிறுவனமான சி.இ.ஐ.இ.சி. மீது 2020-ல் அமெரிக்கா வெனிசுவேலா விவகாரத்தில் தடை விதித்தபோது அந்தப் பேச்சு வலுத்தது. கோபுரம் மக்களுக்குத் திறக்க ஒரு மாதத்துக்கு முன்புதான், சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டு இந்தியாவைக் கோபப்படுத்தியிருந்தது. கோபுரத்திலிருந்து உளவு நடப்பதாக இதுவரை யாரும் பொதுவெளியில் ஆதாரம் வைக்கவில்லை.

உயரத்தை வைத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தியாவுக்கும் புதிதல்ல. ராமேஸ்வரத்தில் 1995-ல் வந்த தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர். சுழலும் உணவகமோ மொட்டோ அதற்கு இல்லை. பாக் நீரிணையைத் தாண்டி வடக்கு இலங்கைக்கு அலை அனுப்பும் வேலையை அது ஓசைப்படாமல் செய்துவந்தது.

இனி என்ன செய்யலாம்?

எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்டது, ஒளிபரப்புக் கோபுரம் இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26-ம் தேதி காலையை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சுனாமி அன்று இலங்கையில் மட்டும் 30,000-க்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோனது. கிழக்குக் கரையில் அலை ஏறிய பிறகு, தெற்கிலும் மேற்கிலும் இருந்தவர்களுக்குச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லும் ஏற்பாடுதான் இல்லை. பேரிடர் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் செல்போனை எடுத்தால் நெட்வொர்க் திணறும். பேட்டரி ரேடியோவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு குரல், ஒரே நொடியில், கேட்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். மேல் மாகாணத்தில் மட்டும் நாட்டின் கால்வாசிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரையும் எட்டும் உயரம் ஏற்கெனவே கட்டி முடித்து நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பதும் ஆபத்துதான். 2000 ஆகஸ்டில் மாஸ்கோவின் 540 மீட்டர் ஒஸ்தான்கினோ கோபுரத்தில் தீப்பிடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். கோபுரத்தை இறுக்கிப் பிடித்திருந்த எஃகு வடங்களில் பெரும்பாலானவை அறுந்தன. தலைநகரின் டி.வி. திரைகளில் பெரும்பாலானவை இருண்டன. கோபுரம் விழாமல் தப்பியது பெரும்பேறு. கொழும்பில் ஒலிபரப்பு வரும்போது, மலையுச்சி நிலையங்களை மூடிவிடாமல் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். பார்வையாளர்கள் நடமாடும் தளங்களையும் ஒலிபரப்பிக் கருவிகளின் தளங்களையும் தீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாதபடி பிரிக்க வேண்டும்.

அடுத்தது வாடகை. தனியார் நிலையங்கள் தாமாக வரப்போவதில்லை. அலைவரிசை ஒதுக்குவது கோபுரத்தின் சொந்தக்காரரான அதே ஆணைக்குழுதான். கொழும்பில் புதிய எஃப்.எம். அலைவரிசை வேண்டுமா, பொதுக் கோபுரத்திலிருந்து ஒலிபரப்பு என்று அது நிபந்தனை போட வேண்டும். மூன்று மொழிகளிலும் அரசு வானொலிக்கு அங்கே முதல் இடம் ஒதுக்கலாம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு அந்த உச்சியில் ஓர் ஆன்டெனா கிடைப்பது, மொட்டுக்கு இன்னொரு வர்ண விளக்கு போடுவதைவிட அவசரம்.

கடைசியாகக் கணக்கு. இலங்கையில் 2016-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் வலுவான சட்டம். கடனில் இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று, மீதி எவ்வளவு, டிக்கெட்டிலும் வாடகையிலும் ஆண்டுக்கு என்ன வருகிறது என்று எந்தக் குடிமகனும் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம். குடிமக்கள் விண்ணப்பம் போடும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு காலாண்டும் அந்த எண்களை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். சிறிசேன மேடையில் சொன்ன அந்த 200 கோடி எங்கே போனது என்ற பதிலும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும்.